அமாலியாவின் சாலமாண்டர்

அமாலியா ஷ்விண்ட்,
காசநோய் ஆஸ்பத்திரி, மூன்றாம் வார்டு,
நெப்ராஸ்கா.
ஜூன் 3, 1954

அன்புள்ள கோன்ராட்,

வந்து சேர்ந்துவிட்டேன். ஜன்னலோரக் கட்டில். காய்ச்சல் நேற்றைவிடக் குறைவு. மற்றதையெல்லாம் பிறகு எழுதுகிறேன். இதைப் படித்ததும் எழுந்து சமையலறைக்குப் போ.

ஆம்புலன்ஸ்காரர் அவசரப்படுத்தியதில் சொல்ல மறந்தேன். பாத்திரம் கழுவும் இடத்துக்கு மேலே, ஜன்னல் விளிம்பில் பெரிய ஊறுகாய் ஜாடி இருக்கிறது பார், அதைக் கொட்டிவிடாதே. அதிலிருப்பது அழுக்குத் தண்ணீர் இல்லை. ஏப்ரலில் மாட்டுத் தொட்டியிலிருந்து நீ மொண்டு வந்த வாளியில் ஒரு குட்டி வந்தது. மண் நிறம், மீன் வால், நாலு கால், கழுத்தின் இரண்டு பக்கமும் இறகு மாதிரி மூன்று மூன்று செவுள். அப்போது உன் சுண்டுவிரல் அளவு. இப்போது உன் உள்ளங்கை நீளம்.

வீட்டுக்குள் யாரும் வரக் கூடாது என்று டாக்டர் கட்டளையிட்ட அந்த ஏழு வாரமும், நீ வயலுக்குப் போனபின் நான் பேசியது அதனோடுதான். உன்னிடம் சொல்லவில்லை. சிரிப்பாய் என்று நினைத்தேன்.

தினம் ஒரு மண்புழு போதும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்று, பம்புத் தண்ணீரைக் குளிரக் குளிர ஊற்றாதே. வெயில் படாமல் நகர்த்தி வை. உன் அக்கா கண்ணில் படவிடாதே.

நீ சாப்பிட்டாயா?

உன்,
அமாலியா


ஜூன் 9

அமாலியாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நல்லவேளை, அன்று காலையில்தான் ஜாடியைக் கையில் எடுத்தேன். தண்ணீர் நாறியது. கொட்டப் போகும்போது உள்ளே எதுவோ என்னைத் திரும்பிப் பார்த்தது. திரும்ப வைத்துவிட்டேன்.

சர்க்கரை பீட் கிழங்கு வயலில் களை பறிப்பு முடிந்தது. தெற்கு வயலில் ஆலங்கட்டி மழை விழுந்து கொஞ்சம் அடித்துவிட்டது, பெரிதாக ஒன்றுமில்லை.

லிடியா அக்கா வந்தாள். உன் கடிதத்தை அடுப்பு இடுக்கியால் பிடித்துத்தான் படித்தாள். நோய் தொற்றிக்கொள்ளுமாம். ஜாடியைப் பார்த்ததும், "இது பாம்புக்குட்டிடா! கால் முளைச்ச பாம்பு! உன் பொண்டாட்டிக்கு நெஞ்சுலதான் நோயின்னு நெனச்சேன், தலையிலயும் இருக்கு போல"ன்னாள். "போக்கா, உனக்கு எதைப் பார்த்தாலும் பாம்பு"ன்னேன்.

புழுவை விரலால் நீட்டினேன். புழுவோடு என் விரலையும் கவ்விக்கொண்டது. பல் இருக்கிறதா இல்லையா தெரியவில்லை, ஆனால் விடமாட்டேன் என்றது.

சாப்பிடுகிறேன். முட்டைக்கோசும் கறியும் வைத்த ரொட்டி அக்கா சுட்டுத் தந்தாள். உப்பு அதிகம்.

கோன்ராட்


ஜூன் 16

அன்புள்ள கோன்ராட்,

உன் கடிதத்தை வார்டுக்கே படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே. இங்கே சிரிக்க விஷயம் குறைவு, சிரித்தால் எல்லோருக்கும் இருமல் வருகிறது, இருந்தாலும் சிரித்தோம்.

பக்கத்துக் கட்டிலில் மிஸ் டாக்னி. உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் டீச்சர், நார்வேக்காரக் குடும்பம், நெட்டை, குச்சி மாதிரி. நான் ஜாடியைப் பற்றிச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். எழுந்து உட்காரக் கூடாது, நர்ஸ் திட்டினாள். அது சாலமாண்டராம். இப்போது இருப்பது குழந்தைப் பருவம்தானாம். தவளைக்குத் தலைப்பிரட்டை மாதிரி. இந்தக் கோடையிலேயே செவுள் சுருங்கி விழுந்து, உள்ளே நுரையீரல் வேலை செய்ய ஆரம்பித்து, தரையேறிவிடுமாம். "பாத்தீங்களா அமாலியா, நமக்கு இருக்கறது ஓட்டையாப் போகுது, அதுக்குப் புதுசா வருது"ன்னாள். அதற்கும் சிரித்து இருமினோம்.

ஊசி போடுகிறார்கள். காதில் வண்டு ரீங்கரிப்பது போல் சத்தம், அது மருந்தின் வேலை என்கிறார்கள். இடது பக்கம் மேலே ஒரு ஓட்டை இருக்கிறது. மருந்தில் அடைபடவில்லை என்றால் அந்தப் பாகத்தை வெட்டி எடுத்துவிடலாம் என்று டாக்டர் பேச்சுவாக்கில் சொன்னார். பேச்சுவாக்கில்தான்.

செவுள் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுது. மிஸ் டாக்னி கேட்கிறாள். நானும் கேட்கிறேன்.

உன்,
அமாலியா


ஜூன் 27

அமாலியா,

அதற்கு உடம்பு சரியில்லை. மூன்று நாளாகப் புழுவைத் தொடவில்லை. செவுள் பாதியாகிவிட்டது. வெட்டிவிட்டது போல் குட்டையாக, நிறமும் வெளுத்து. டீச்சர் சொன்னதை நீ எழுதியிருந்தாய், ஆனால் இது அது மாதிரி இல்லை, இது சாகப் போகிற மாதிரி இருக்கிறது. முதுகுத் துடுப்பும் கரைகிறது. அடிக்கடி மேலே வந்து வாயைத் திறந்து காற்றைக் கவ்விவிட்டுக் கீழே போகிறது.

தண்ணீர் போதவில்லை என்று நினைத்து பழைய பால் கேனில் நிறையத் தண்ணீர் ஊற்றி அதில் விட்டிருக்கிறேன். கழுத்துவரை தண்ணீர். நிழலில் வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்கிறேன்.

டீச்சரிடம் கேள். சீக்கிரம் கேள்.

வாய்க்கால் தண்ணீர் நமக்கு வியாழக்கிழமை முறை.

கோன்ராட்


ஜூலை 2

கோன்ராட்,

உடனே அதைப் பால் கேனிலிருந்து எடு!

மிஸ் டாக்னி தலையில் அடித்துக்கொண்டாள். அது சாகவில்லை, மாறுகிறது. செவுள் போகப் போக அது மேலே வந்து மூச்சு விட வேண்டும். நிற்க இடமில்லாத ஆழத்தில் விட்டால் நீந்தி நீந்திக் களைத்து மூழ்கிவிடும். அகலமான பாத்திரம் எடு, என் துணி துவைக்கும் தகரத் தொட்டி சரியாக இருக்கும். ஒரு பக்கம் செங்கல்லைச் சாய்த்து வைத்து அதன்மேல் ஈரப் பாசி பரப்பு. தண்ணீர் நாலு விரல் போதும். ஏறுவதா இறங்குவதா என்று அதுவே முடிவு செய்துகொள்ளும். மேலே வலை போட்டு மூடு, ஓடிவிடும். சாப்பிடாமல் இருப்பது இந்தச் சமயத்தில் வழக்கம்தானாம்.

இனி என் சமாச்சாரம். எக்ஸ்ரே எடுத்தார்கள். ஓட்டை அப்படியேதான் இருக்கிறது. ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது. இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். புருஷன் கையெழுத்து இல்லாமல் செய்யமாட்டார்களாம். கீழே பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. இருபது பேரில் ஒருவருக்குத்தான் கெடுதல் வரும் என்று டாக்டர் சொல்கிறார். மிஸ் டாக்னிக்கும் இதே ஆபரேஷன்தான். அவளுக்கு அடுத்த வாரம், எனக்கு ஆகஸ்டில்.

தாளை மறக்காதே.

உன்,
அமாலியா


ஜூலை 11

அமாலியா,

நீ சொன்னபடி செய்துவிட்டேன். தொட்டி, செங்கல், பாசி எல்லாம். பாசி கிடைக்கவில்லை என்று ஆற்றுப் பக்கம் பன்னிரண்டு மைல் போனேன். தொட்டி சமையலறை மேசைமேல் இருக்கிறது, நான் ஓரத்தில் சாப்பிடுகிறேன். லிடியா அக்கா இப்போது வாசலோடு நின்று, "இன்னும் சாகலையா அது?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். நேற்று கேட்டபோது குரலில் கொஞ்சம் அக்கறை இருந்தது.

செங்கல்மேல் பாதி உடம்பு ஏறி நிற்கிறது. தோல் மங்கிக் கிடக்கிறது. காய்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எத்தனை நாளில் முடியும் என்று டீச்சரிடம் கேட்டு எழுது. செவுள் முழுக்கப் போன பிறகு தண்ணீரே வேண்டாமா? தோலில் வெள்ளையாக ஏதோ உரிகிறது, அது நல்லதா?

வடக்கு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியாகிவிட்டது. சிவப்புப் பசு கன்று ஈன்றது.

கோன்ராட்


ஜூலை 16

கோன்ராட்,

தாள் எங்கே?

நான் ஒன்று கேட்கிறேன், நீ வேறொன்று எழுதுகிறாய். இரண்டு பக்கக் கடிதத்தில் பசு கன்று ஈன்றது இருக்கிறது, கையெழுத்து இல்லை. வரும் வழியில் தொலைந்துபோனதா என்று நர்ஸ் மிஸஸ் ஓபர்க் கேட்டாள், ஆமாம் என்றேன். உனக்காகப் பொய் சொன்னேன்.

உன் கேள்விகளுக்கு மிஸ் டாக்னியிடம் இப்போது பதில் வாங்க முடியாது. அவளை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

இன்னொரு தாள் வைத்திருக்கிறேன்.

அமாலியா


ஜூலை 22

அமாலியா,

முதல் தாள் தொலையவில்லை. மாவு டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. இரண்டாவதையும் அங்கேதான் வைத்தேன்.

நேற்று லிடியா அக்கா சர்ச்சிலிருந்து நேரே இங்கே வந்தாள். அங்கே வருகிற ஒருத்தியின் அக்கா மகள் உங்கள் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிறாளாம். "அந்த நெட்டை டீச்சரம்மா செத்துப்போச்சாம்டா. கத்தி வெச்சு நாலாம் நாளு"ன்னாள். சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதாள். பார்த்தே இராத ஆளுக்காக.

வேறு வார்டு என்று எழுதியிருக்கிறாய். என்னிடமா? பத்தொன்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிற என்னிடம்?

எனக்குப் பதினாலு வயதில் அம்மாவைக் கழுத்துக் கட்டிக்கு டவுனுக்குக் கூட்டிப்போனோம். அப்பாவிடம் ஒரு தாளை நீட்டினார்கள். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. நான்தான் படித்துச் சொன்னேன். கையெழுத்துப் போட்டார். அம்மா திரும்பி வரவில்லை. அதற்கப்புறம் அப்பா சாப்பிட உட்காரும்போதெல்லாம் தன் வலது கையைப் பார்ப்பார். உனக்கு இதைச் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் சாலமாண்டரைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். செங்கல்மேலேயே கிடந்து காய்வது போலிருந்தது. மூன்று தடவை தண்ணீருக்குள் தள்ளினேன், மூன்று தடவையும் ஏறியது. பொறுக்க முடியாமல் செங்கல்லை எடுத்துவிட்டுத் தண்ணீரை உயர்த்தினேன். காலையில் பார்த்தால் வயிறு மேலே, வாய் திறந்து மிதக்கிறது. கையில் எடுத்தேன். தோல் என் விரலோடு வந்தது. ஈரச் சாக்கின்மேல் போட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தண்ணீர் முறை அன்றைக்கு நம்முடையது, மதகைத் திறக்கக்கூடப் போகவில்லை. ரொம்ப நேரம் கழித்து, தொண்டைக்கடியில் ஒரு துடிப்பு. அப்புறம் இன்னொன்று.

பிழைத்துவிட்டது. செங்கல்லைத் திரும்ப வைத்துவிட்டேன்.

கையெழுத்துப் போட என்னால் முடியவில்லை. என்னைக் கேட்காதே.

கோன்ராட்


ஜூலை 27

அன்புள்ள கோன்ராட்,

ஆமாம், மறைத்தேன். உண்மையை எழுதினால் நீ கையெழுத்துப் போடமாட்டாய் என்று தெரியும். அதனால் மறைத்தேன். மன்னிப்புக் கேட்கிறேன், ஆனால் வருத்தப்படுகிறேனா என்றால் தெரியவில்லை.

மிஸ் டாக்னிக்கு அந்த இருபதில் ஒன்று வாய்த்துவிட்டது. போகிற அன்று காலை சக்கரக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "பென்சில் குடுங்க, இல்லன்னா உங்க ஊட்டுக்காரரு அதைக் கொன்னுடுவாரு"ன்னு சொல்லி ஒரு காகிதத்தில் எழுதினாள். அப்போதே அனுப்பினால் அவளைப் பற்றிக் கேட்பாய் என்று என்னிடமே வைத்திருந்தேன், இப்போது இதோடு வைத்திருக்கிறேன். செவுள் போனபின் அடியில் ஈர மண், உட்கார ஒரு கிண்ணம் தண்ணீர், ஒளிந்துகொள்ள உடைந்த பூந்தொட்டி. உரியும் தோல் நல்லது, பயப்படாதீர்கள் என்று அடிக்கோடிட்டிருக்கிறாள். அது உனக்குத்தான். அவள் கட்டிலில் இப்போது ஒரு சிறுபெண் இருக்கிறாள். மிஸ் டாக்னியின் துணிமணியை வாங்கிப்போக யாரும் வரவில்லை.

நான் பயப்படவில்லை என்று நினைக்காதே. அந்தக் கட்டிலைப் பார்க்காமலிருக்க மறுபக்கம் திரும்பிப் படுக்கிறேன். ஆனால் மறுபக்கம் இருப்பது மிஸஸ் கூப்பர். அவள் ஏழு வருஷமாக இங்கே படுத்திருக்கிறாள். ஆபரேஷன் வேண்டாம் என்று சொன்னவள். அவள் மகளுக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்துவிட்டது, இன்னும் அவள் அதே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அது வேண்டாம். நாற்பத்தொரு வயது எனக்கு. எழுந்து நடக்க வேண்டும். உன் சமையலை நிறுத்த வேண்டும்.

உன் அப்பாவைப் பற்றிப் படித்தேன். முன்பே சொல்லியிருக்கலாம். அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். நீ போடாவிட்டால் லிங்கன் நகரில் இருக்கும் என் தம்பி ஆல்பின் போடுவான். டாக்டரிடம் கேட்டுவிட்டேன், அது செல்லும். ஆனால் அவன் போட்டு நான் பிழைத்தால், அந்த வீட்டுக்குள் எப்படித் திரும்பி நுழைவேன் என்று எனக்குத் தெரியவில்லை, கோன்ராட். மிரட்டவில்லை. யோசித்துப் பார்த்தேன், வழி தெரியவில்லை.

மூன்றாவது தாள் அனுப்பவில்லை. உன்னிடம் இரண்டு இருக்கின்றன.

அமாலியா


ஆகஸ்ட் 3

என் அமாலியா,

இரண்டிலும் போட்டுவிட்டேன். எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்ளட்டும்.

போடுவதற்கு நான்கு நாள் ஆயிற்று. போட்ட பிறகு களஞ்சியத்துக்குப் போய் உழவு யந்திரத்தைக் கழற்றி மறுபடி பூட்டினேன். லிடியா அக்கா தேடி வந்து, "என்னடா, அதுக்கு என்ன கேடு?" என்று கேட்டாள். "அதுக்கு ஒண்ணும் இல்லக்கா, எனக்குத்தான்"னேன். அவள் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள்.

டீச்சரின் காகிதப்படி எல்லாம் மாற்றினேன். செவுள் இருந்த இடத்தில் இப்போது சின்ன மொட்டு மட்டும். உடம்பு கறுத்து, மஞ்சள் புள்ளி புள்ளியாக எழும்புகிறது, யாரோ பெயிண்ட் தெளித்த மாதிரி. அதற்கு இமை வந்திருக்கிறது, அமாலியா. நேற்று என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தது. ஐந்து வாரத்துக்கப்புறம் புழு சாப்பிட்டது, மண்ணின் மேல், நடந்து வந்து.

பத்தொன்பதாம் தேதி என்று டாக்டர் எழுதியிருக்கிறார். பஸ்ஸில் வருகிறேன். மாடு கறக்க அக்கா இருப்பாள்.

உன்,
கோன்ராட்


ஆகஸ்ட் 22

என் அமாலியா,

நீ கண் விழித்ததும் யாராவது இதைப் படித்துக் காட்டுவார்கள்.

வந்தேன். ஆபரேஷன் முடியும்வரை கீழே ஹாலில் உட்கார்ந்திருந்தேன். நன்றாக முடிந்தது என்று டாக்டர் சொன்னார். கண்ணாடி வழியாக உன்னைப் பார்க்க விட்டார்கள். தூங்கிக்கொண்டிருந்தாய். நாலாம் நாள் தாண்டும்வரை இருக்கிறேன் என்றேன், இடமில்லை, தந்தி கொடுக்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

நாளைக்கு நாலாம் நாள். தந்தி ஆபீஸ் வாசலில் இருப்பேன்.

இங்கே எல்லாம் சௌக்கியம். சாலமாண்டரும் சௌக்கியம். வேறு ஒன்றுமில்லை.

உன்,
கோன்ராட்


செப்டம்பர் 14, 1954

என் கோன்ராட்,

இது என் கையெழுத்துத்தான், கோணலாக இருப்பதற்குக் காரணம் இடது பக்கம் முழுக்கக் கட்டு. மிஸஸ் ஓபர்க் பலகையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நேற்று, ஆபரேஷனுக்குப் பின் தந்த கட்டிலிலிருந்து ஜன்னல்வரை நடந்தேன். பதினொரு அடி. உட்கார்ந்து அழுதேன், தையல் வலித்தது, நிறுத்திவிட்டேன். கபத்தில் கிருமி இல்லை. மார்ச் மாதம் வீட்டுக்கு விடலாம் என்கிறார்கள்.

அன்றைக்கு ஹாலில் உட்கார்ந்திருந்தேன் என்று ஒரு வரி எழுதியிருந்தாய். மீதியை மிஸஸ் ஓபர்க் சொன்னாள். ஒரு மனிதர், தொப்பியைக் கழற்றாமல், மடியில் ஒரு பன்றிக்கொழுப்பு டப்பாவை வைத்துக்கொண்டு காலை ஆறரையிலிருந்து உட்கார்ந்திருந்தாராம். மூடியில் ஆணியால் துளை போட்டிருந்ததாம். சாப்பாடு என்று நினைத்து, "சாப்பிட வேண்டியதுதானே, மணி ரெண்டாச்சே?" என்று அவள் கேட்டாளாம். நீ மூடியைத் திறந்து காட்டினாயாம். அவள் போட்ட சத்தத்தில் ஆபரேஷன் அறையிலிருந்து ஒருத்தர் எட்டிப் பார்த்தாராம். உள்ளே என் நெஞ்சு திறந்து கிடக்கிறது, வெளியே நீ அவளுக்குச் சாலமாண்டர் காட்டுகிறாய்!

வெளியே கொண்டு போங்கள் என்றாளாம். நீ எழுந்திருக்கவில்லையாம். "அவரைப் பிடிச்சுத் தள்ளியிருப்பேன் மிஸஸ் ஷ்விண்ட், ஆனா டப்பா நடுங்கிச்சு. அது நடுங்குதுன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா அவரு கை"ன்னாள். அதனால் அவளே உன் முன்னால் ஒரு திரையைக் கொண்டுவந்து வைத்தாளாம். திரைக்குப் பின்னால் நீ நம் வீட்டு ஜெர்மன் மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாயாம். சாயங்காலம்வரை. அவளுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லையாம்.

உன் அக்காவும் எழுதியிருக்கிறாள், இடுக்கியை விட்டுவிட்டு என் கடிதத்தை இப்போது வெறும் கையாலேயே தொடுகிறாளாம். "நானே பாத்துக்கறேன், புழுவும் போடறேன், வெச்சிட்டுப் போடான்னு எவ்வளவோ சொன்னேன், கேக்கல"ன்னு. அதற்குத் தீனி போட ஆளில்லாமல் நீ கொண்டுவரவில்லை, கோன்ராட். எனக்குத் தெரியும்.

மிஸ் டாக்னியின் காகிதத்தில் பின்பக்கம் பார்த்தாயா? குளிர் வந்ததும் நிலவறையில், ஒரு முழ ஆழ மண் போட்ட பெட்டியில் விட வேண்டும் என்று எழுதியிருக்கிறாள். அதுவே தோண்டிக்கொண்டு உள்ளே போய்விடும். வசந்தம்வரை வராது. தோண்டிப் பார்க்காதே. உயிரோடு இருக்கிறதா என்று உனக்குக் கை துறுதுறுக்கும், இருந்தாலும் தோண்டாதே.

பீட் அறுவடை முடிந்து வீட்டுக்கு வரும்போது மேசைமேல் அது இருக்காது. அப்போது யாரிடம் பேசுவாய்? எனக்கு எழுது. பசுவையும் வாய்க்காலையும் பிறகு எழுதலாம். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அன்றைக்கு என்ன சொன்னாய் என்று முதலில் எழுது. எனக்கு அந்த மொழி புரியும்.

உன்,
அமாலியா